பெயர் கிழிந்த கதை: பாக்கியம் ஏன் கடைசி மங்கைக் கவிழ்க்கவில்லை?

செந்தூல்காரி | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாசகர் கூட்டத்தில் நடந்ததை எழுதச் சொல்லி ரெண்டு பேர் புலனத்தில் நச்சரித்துவிட்டார்கள். அதனால் இந்த இழை.

என் பாட்டியின் இரும்புப் பெட்டியில் அடித்தாளாக விரித்திருந்த பழைய நாளிதழ்த் தாள் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு சிறுகதையின் நடுப்பகுதி மட்டும் இருக்கிறது. தலைப்பும் எழுதியவர் பெயரும் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. கீழே பாதி வாக்கியத்தோடு கிழிந்துபோயிருக்கிறது. எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு, ஒன்றும் தெரியாது. மிஞ்சியது இவ்வளவுதான்:

"மழை விட்டபாடில்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள். பாக்கியம் நிரையின் முதல் மரத்திலிருந்து தொடங்கி மங்குகளைக் கவிழ்த்துக்கொண்டே போனாள். துண்டைப் பற்றிய பேச்சு காலையில் பிரட்டிலேயே வந்துவிட்டது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி மரத்தடியில் நின்றாள். அந்த மங்கை மட்டும் கவிழ்க்காமல், அதில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு"

அதோடு கிழிசல். (தோட்டம் தெரியாதவர்களுக்கு: மங்கு என்றால் ரப்பர்ப் பால் பிடிக்கும் கோப்பை, நிரை என்றால் ஒருவர் வெட்டும் மர வரிசை, பிரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்.)

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குக் கவிதைகளைப் பெயர் போடாமல் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். 1929இல் அதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளே நேர்ப்பொருளில் தடுக்கி விழுந்ததுதான் அந்தப் புத்தகத்தின் விசேஷம். பெயரை மறைக்கும் வேலை எனக்கு மிச்சம், கரப்பான் பார்த்துக்கொண்டது. பதினொரு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். இருபது நிமிடம் டைம்.

வந்த விடைகளில் மூன்று பேர் 'துண்டு' என்றால் தோளில் போடும் துண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஒரு முழுக்கதையே கட்டிவிட்டார்: யாருடைய துண்டோ காணாமல் போயிருக்கிறது, பிரட்டில் அதுதான் பேச்சு, பாக்கியத்தின் மேல் சந்தேகம், அதனால்தான் யாரும் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. சிரிக்காதீர்கள், படிக்கும்போது பொருந்தித்தான் வந்தது! ரெண்டு பேர் துண்டுச் சீட்டு, அதாவது வேலை நிறுத்த நோட்டீஸ் என்றார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் "தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற கதை இது" என்றார். அவர் சொன்னதும் கூட்டமே கப்சிப்.

எனக்குள்ள கேள்வி இதுதான். வார்த்தை புரிந்தபிறகு கோட்பாடா, கோட்பாடு வைத்துப் பார்த்தால்தான் வார்த்தையே புரியுமா? ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இலக்கியப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். "இக்கதையின் வழி நாம் பெறும் படிப்பினை யாது" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த ஏழு வரியில் படிப்பினை எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் தே தாரிக் வாங்கித் தருகிறேன்.


பார்த்தின் பேரன் | வெள்ளி, இரவு 10.05

கரப்பானுக்கு ஒரு கும்பிடு. பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் 'ஆசிரியரின் மரணம்' கட்டுரையை 1967இல் எழுதினார், பிரெஞ்சில் வருவதற்கு முன்னே ஆங்கிலத்தில் ஓர் அமெரிக்க இதழில் வந்தது. அவர் கட்டுரை எழுதிச் சாதித்ததை உங்க வீட்டுக் கரப்பான் பசியாறிக்கொண்டே செய்திருக்கிறது.

துண்டு திருட்டுக் கதை சொன்னவரை ஏன் கிண்டல் பண்றீங்க? அவருக்குப் பிரதி அப்படித் திறந்தது. எழுதியவர் 'நான் நினைத்தது அது இல்லை' என்று வந்து நிற்கவா போகிறார்? அமெரிக்க விமர்சகர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946லேயே சொல்லியாச்சு, எழுதியவரின் நோக்கம் நமக்குக் கிடைக்கவும் கிடைக்காது, கிடைத்தாலும் அளவுகோல் ஆகாது.

இன்னொன்னு. யாரும் கவனிக்கலையா? மங்கு + ஐ = மங்கை. "அந்த மங்கை மட்டும் கவிழ்க்காமல்". வேற்றுமை உருபு ஏறினதும் கோப்பை பெண்ணாகிவிட்டது. பாக்கியம் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த மங்கையை? இதை எழுதியவர் நினைத்து எழுதினாரா என்று கேட்டால் பதில், தேவையில்லை. மொழி நினைத்திருக்கிறது.


பினாங்குப் பாலம் | வெள்ளி, இரவு 10.31

ஐயோ சாமி, ஆரம்பிச்சாச்சு.

தம்பி, இலக்கணப்படி எல்லா மங்குக்கும் ஐ சேர்த்தால் மங்கைதான். தமிழ்நாட்டில் சங்கு என்றால் சங்கை, பங்கு என்றால் பங்கை. அதுக்காக ஒவ்வொரு கோப்பையும் பெண் ஆகிவிடுமா? இந்தக் கணக்கில் ஒரு தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் மங்கையர்.

எனக்கு விமர்சகர் க.நா.சு. வழிதான் ஒத்துவரும். நல்லா இருக்கா, இல்லையா. நிறையப் படித்தவன் சொல்லும் 'நல்லா இருக்கு'க்கு ஒரு எடை உண்டு. இந்த ஏழு வரி நல்லா இருக்கு. ஏன் நல்லா இருக்கு என்றால், அழுதாள் என்று எங்கேயும் எழுதவில்லை. நம்ம ஊர்த் தோட்டக் கதைகளில் பாதி, மூணாவது பத்தியில் "கண்ணீர் தாரை தாரையாக" என்று தொடங்கிவிடும். இவர் மழையைப் பெய்யவிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். இதுக்கு மேல என்ன வேணும்?

இங்கே பினாங்கில் ரெ. கார்த்திகேசு இருந்தவரை விமர்சனம் என்றால் இப்படித்தான் இருந்தது. அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுத்தொடர்புத் துறைப் பேராசிரியர், கோட்பாடு தெரியாதவரா? ஆனால் கதையைப் பற்றிப் பேசும்போது கதையைத்தான் பேசுவார். தானே நாவலும் சிறுகதையும் எழுதினவர் இல்லையா, அந்த வலி தெரியும்.


ஐந்தாம்படிவம் | வெள்ளி, இரவு 10.44

டீச்சர், இதுல கருப்பொருள் என்ன? வறுமைன்னு போடலாமா? துணைக்கருப்பொருள் தனிமை?


திணைமயக்கம் | சனி, காலை 6.12

தம்பி ஐந்தாம்படிவம், உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இது உங்கள் பிழை அல்ல.

வினாத்தாளில் கருப்பொருள் என்றால் கதை எதைப் பற்றியது என்பது. தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அதுவல்ல. "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதி" என்று பட்டியல் வரும். ஒரு நிலத்தில் வாழ்பவனின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், பண். கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருள்கள். நமக்குச் சொந்தமான ஒரு கருவியின் பெயரை எடுத்து, வேறொரு கருவிக்கு ஒட்டிவிட்டோம். இந்த ஏழு வரிக்குத் தொல்காப்பியர் கேட்கிற கருப்பொருள் கேட்டால் விடை: கித்தா (ரப்பர்) மரம், மங்கு, பால்வெட்டு. 'வறுமை' அல்ல.

முதற்பொருளை, அதாவது நிலத்தையும் காலத்தையும், பாருங்கள். மழை. கார்காலம் என்றால் முல்லைத் திணை, அதன் உரிப்பொருள் (திணைக்கு உரிய ஒழுக்கம்) இருத்தல், அதாவது காத்திருத்தல். ஆனால் பாக்கியம் காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை. "மற்றவர்கள் போய்விட்டார்கள்" என்பது பாலையின் வாக்கியம். முல்லை நிலத்து மழைக்குள் பாலையின் பிரிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்று சூத்திரமே அனுமதி கொடுக்கிறது. என் புனைபெயரும் அங்கிருந்து எடுத்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கித்தா எந்தத் திணையின் மரம்? 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதையை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அமேசான் மரம், மலாய் மண், ஆங்கிலத் துரை, சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த கை. ஐந்திணையில் எதிலும் அடங்காத ஆறாவது நிலம் இது. தனிநாயகம் அடிகள் சங்கக் கவிதையின் நிலக்காட்சியைப் பற்றி எழுதிய மனிதர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்தார், 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை இதே கோலாலம்பூரில் கூட்டினார். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், தோட்டத்துக்குத் திணை வகுக்கிற வேலையை நாம் யாரும் உட்கார்ந்து செய்யவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.


சிவப்புச் சட்டை | சனி, காலை 9.20

திணைமயக்கம் ஐயா அழகாகச் சொன்னீர்கள், ஆனால் 'ஆங்கிலத் துரை' என்று ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

துண்டாடல் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஐம்பதுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. சுதந்திரம் வருகிறது, இனி என்ன ஆகுமோ என்ற பயம். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஊகவணிகர்கள். ஆயிரம் ஏக்கரை வாங்கி அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் என்று வெட்டி விற்றார்கள். சின்ன முதலாளி தன் குடும்பத்தை வைத்தே மரம் வெட்டிக்கொள்வான், அவனுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் ஐம்பது குடும்பம் எதற்கு? வேலையும் போகும், வீடும் போகும், பள்ளிக்கூடமும் கோவிலும் போகும். இதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்குவதற்கு.

இது தெரியாமல் "அழுதாள் என்று எழுதவில்லை, அதனால் அழகு" என்பது என்ன ரசனை? பாலம் அண்ணே, துண்டு என்றால் தோள்துண்டு என்று நினைத்திருந்தாலும் உங்களுக்கு இந்த வரிகள் 'நல்லா இருந்திருக்கும்'. அப்படியானால் உங்கள் ரசனை எதை ரசித்தது?

ஈழத்து மார்க்சிய விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்ஹாமில் படித்துவிட்டு வந்து செய்தது இதைத்தான். வீரயுகப் பாடலை அழகுக்காக மட்டும் பார்க்காமல், அதைப் பாடிய பாணனுக்கு யார் சோறு போட்டான் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை இங்கே கேளுங்கள்.


பினாங்குப் பாலம் | சனி, காலை 9.58

கேட்கலாம் தோழரே, தாராளமாக. ஆனால் உங்கள் ஆட்களிடம் எந்தக் கதையைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே முதலாளிதான் பிடிபடுகிறான். கதையைப் படிக்கும் முன்பே விடை பையில் இருக்கிறது.

தோள்துண்டுக் கேள்வி மட்டும் என்னைக் குத்திவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். யோசிக்கிறேன்.


மூன்றாம் மாடி | சனி, பகல் 12.15

எல்லாரும் துண்டையும் மங்கையும் பிடித்துத் தொங்குகிறீர்கள். "அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை." இந்த வரியை ஒருத்தர்கூடத் தொடவில்லை.

பிரட்டில் பேச்சு வந்தது என்கிறார். பேசியது யார்? மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), ஆண்கள். தோட்டம் விற்கப்போகிறார்கள், நீ என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பாட்டியும் தாத்தாவும் ஒரே நிரையில் வெட்டினார்கள், ஆனால் தோட்டம் விற்றபோது எங்கே போவது என்று முடிவு பண்ணின கூட்டத்தில் பாட்டி தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாராம். 1988இல் ஸ்பிவாக் 'கீழ்நிலையினர் பேச முடியுமா' என்று கேட்டார். அவர் வாதத்தில் எனக்குப் பாதிதான் புரியும், நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் பேசுவது ஒன்று, பேசினால் அது பேச்சாகக் கணக்கில் ஏறுவது வேறு என்பது மட்டும் பாட்டியின் கதையால் நன்றாகப் புரியும். பாக்கியம் வாயைத் திறக்கவே இல்லை. மங்குகளைக் கவிழ்க்கிறாள், ஒன்றை விடுகிறாள். அவளுக்குக் கிடைத்த வாக்கியம் அவ்வளவுதான்.


பழைய அச்சு | சனி, பிற்பகல் 3.02

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். செந்தூல்காரி, அந்தத் தாளில் 'விட்டபாடில்லை', 'அவளை' என்ற சொற்களில் லை, ளை எப்படி அச்சாகியிருக்கிறது? முன்னால் தும்பிக்கை மாதிரி வளைவு இருக்கிறதா? 'போனாள்', 'நின்றாள்' இவற்றில் னா, றா சுழித்து ஒரே எழுத்தாக இருக்கிறதா? தமிழ்நாட்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது, நம் ஊர் அச்சகங்கள் அதற்குப் பிறகுதான் மாறின. பழைய உரு என்றால் ஓரளவு காலம் பிடிக்கலாம். தாளின் மறுபக்கம் என்ன இருக்கிறது?


செந்தூல்காரி | சனி, மாலை 5.30

இருக்கிறது! தும்பிக்கை வைத்த லை. றா, னா ரெண்டுமே சுழி. நான் இதைப் பார்க்கவே இல்லை, தட்டச்சு செய்யும்போது நானே அறியாமல் திருத்திவிட்டேன். பாருங்கள், நகல் எடுத்துக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். பதினொரு பேரும் படித்தது என் தட்டச்சைத்தான்.

மறுபக்கம் கோடாலித் தைல விளம்பரம்.


பழைய அச்சு | சனி, மாலை 5.41

தைலம் உதவாது. என் தாத்தாவும் தேய்த்தார், நேற்று நானும் தேய்த்தேன்.

பெரியார் 1935லேயே குடிஅரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பதால், புது உரு இருந்திருந்தால் காலம் எதையும் சொல்லியிருக்க முடியாது. பழைய உரு என்பதால் மேல் எல்லை ஒன்று கிடைக்கிறது, எண்பதுகளைத் தாண்டாது. கீழ் எல்லைக்குத் 'துண்டு' உதவும், தோழர் சொல்வது சரியாக இருந்தால். தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. ஐம்பதுகளின் ஞாயிறு மலர்களைப் புரட்டிப் பார்க்கிறேன். தமிழ் நேசன் என்றால் கஷ்டம், 1924 முதல் 2019 வரை வந்த பத்திரிகை, எங்கே தேடுவது.


பார்த்தின் பேரன் | சனி, மாலை 6.10

ஆக, ஆசிரியரைக் கொன்ற இடத்தில் துப்பறிவாளர் வந்துவிட்டார். பெயர் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? "ஓ, அவரா, அவர் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவீர்கள்.


பழைய அச்சு | சனி, மாலை 6.14

தம்பி, உ.வே.சா. ஏட்டைத் தேடி ஊர் ஊராகப் போகாமல் இருந்திருந்தால், கொல்லுவதற்கு உங்களிடம் பிரதியே இருந்திருக்காது.


மட்டுறுத்துநர் | சனி, இரவு 7.00

கூட்டுறவுச் சங்கத்தின் இன்றைய நிர்வாகம் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்கு வேறு இழை உண்டு. இலக்கியத்தோடு நிற்கவும்.


கித்தாக்காடு | சனி, இரவு 9.15

வணக்கம். நான் இங்கே படிக்கிறதோட சரி, எழுதினது இல்லை. எங்கம்மா ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருசம் மரம் வெட்டினவங்க. இப்போ 71 வயசு. இதைப் படிச்சுக் காட்டினேன். அவங்க சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்றேன்.

"மங்கைக் கவுக்கறது ஒண்ணும் அதிசயம் இல்லம்மா. தண்ணி நின்னா கொசு முட்டை வைக்கும், எலை விழுந்து அழுகும், மறுநாள் வழிச்சு ஊத்தணும். அதனால கவுத்து வைப்போம். எல்லாரும் செய்யறதுதான். ஆனா கடைசி மரத்து மங்கை விட்டுட்டுப் போனா மறுநாள் அவதானே வந்து பாக்கணும்? மண்டோர் பாத்தா ஏசுவாரு. மறுநாள் வேலைக்கு வரப்போறவ அப்படிச் செய்யமாட்டா. அவ வரப்போறது இல்ல."

இதைச் சொல்லிட்டு அம்மா டிவி பார்க்கப் போய்ட்டாங்க.


செந்தூல்காரி | சனி, இரவு 9.22

எனக்குக் கை நடுங்குகிறது. அம்மாவுக்கு என் வணக்கம்.


சிவப்புச் சட்டை | சனி, இரவு 9.40

கோட்பாடு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான் வேண்டாம் போல இருக்கிறது.


திணைமயக்கம் | சனி, இரவு 10.05

அவசரப்பட வேண்டாம் தோழர். அம்மா சொன்னது இறைச்சி. கருப்பொருளின் இயல்பு தெரிந்தவனுக்கு மட்டும், அந்தப் பொருளுக்கு அப்பால் தோன்றுகிற இன்னொரு பொருள். குறுந்தொகையில் யானை யா மரத்தின் பட்டையை உரித்தால், யானையும் யா மரமும் தெரிந்தவனுக்குத்தான் தோழி சொல்லவருவது தெரியும். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியது இந்த அறிவு அழிந்துவிடக் கூடாது என்றுதான். நமக்கு உரை எழுதியவர் இன்று டிவி பார்க்கப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கடைசி மங்கு மட்டும் வேறாக இருக்கிறது, அதைப் பார் என்று நம் கண்ணை அங்கே நிறுத்தியது கதையின் அமைப்பு. கவிழ், கவிழ், கவிழ் என்று போய் ஒரு இடத்தில் நிற்கிறது. அம்மாவுக்கும் அந்த இடத்தைக் காட்டியது அதுதான். ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் சொன்னதை, பழகிய பொருளைப் பழகாததாக்குவது என்பதை, நான் கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். ஒரு தகர மங்கை வைத்துப் புரிந்துகொண்டது இன்றுதான்.


மூன்றாம் மாடி | சனி, இரவு 10.12

பீங்கான் மங்கும் உண்டு ஐயா :)


பார்த்தின் பேரன் | ஞாயிறு, காலை 11.20

நான் இரவெல்லாம் யோசித்தேன். அம்மா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது 'விடை' என்று எல்லாரும் எழுந்து நிற்பதை ஏற்கவில்லை. அம்மாவும் ஒரு வாசகர். அனுபவம் கூடுதலான வாசகர். கீழே கிழிந்த பாதியில் "பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு அதையும் கவிழ்த்துவிட்டு நடந்தாள்" என்று இருந்திருந்தால்? உங்கள் இறைச்சி மொத்தமும் மழையில் போச்சு.


பினாங்குப் பாலம் | ஞாயிறு, பகல் 12.03

நியாயமான கேள்வி. முதல்முறையாக இந்தப் பையனோடு ஒத்துப்போகிறேன், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோள்துண்டுக் கேள்விக்கு என் பதில்: ஆமாம், தவறாகப் புரிந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கும். பிடித்தது தாளம். சின்னச் சின்ன வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரு மரம் மாதிரி, கடைசியில் ஒரு நீள வாக்கியம். அது பொருள் தெரிவதற்கு முன்னாலேயே காதில் ஏறிவிடுகிறது. சி.சு. செல்லப்பா 1959இல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கி அலசல் அலசல் என்று கத்தினது இதுக்குத்தான், ரசிச்சா போதாது, எதனால் என்று வரியைப் பிரித்துக் காட்டு என்று. க.நா.சு.வோடு நின்றது என் சோம்பல்.


கித்தாக்காடு | ஞாயிறு, மாலை 4.48

அம்மா காலையில் கோவிலுக்குப் போய்ட்டு வந்ததும் அவங்களே கேட்டாங்க, "அந்தக் கதைய இன்னொரு தடவ படி". படிச்சேன். இப்போ சொல்றாங்க:

"பால் எங்க?"

எனக்குப் புரியலை. அம்மா விளக்கினாங்க. "வெட்டினதுக்கு அப்புறம் மழை வந்தா மொதல்ல வாளியத் தூக்கிட்டுப் பால் எடுக்கத்தான் ஓடுவோம். பால்ல தண்ணி கலந்தா அன்னிக்குக் கூலி போச்சு. வெட்டறதுக்கு முன்னாடியே மழை வந்தா வெட்டே கெடையாது, பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டுல எறங்காது, மரமெல்லாம் வழிஞ்சிரும். பிரட்டுலயே நிக்க வெச்சு, காயலன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இந்தக் கதையில பால் எடுத்தான்னும் இல்ல, வெட்டினான்னும் இல்ல. வெட்டு இல்லாத நாள்ல, மழையில, மங்கு கவுக்க எதுக்கு நிரைக்குப் போறா? அதுக்குக் காசு கெடையாது. அப்புறம் மழையில நின்னு தண்ணி ஏர்றத வேடிக்க பாக்கறாளாம். அட்டை ஏறும், இடி இடிக்கும், வீட்டுல புள்ளைங்க இருக்கும். இத எழுதினது மரம் வெட்டின ஆளு இல்ல. ஆபீஸ் வாசல்ல நின்னு பாத்த ஆளு. கிராணி மகனோ, வாத்தியாரோ."


சிவப்புச் சட்டை | ஞாயிறு, மாலை 5.05

பிரெஞ்சு மார்க்சியர் பியர் மாஷெரே 1966இல் ஒரு புத்தகம் முழுக்க எழுதினார், பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறதோ அங்கேதான் அதன் வர்க்கம் தெரியும் என்று. அதை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். பால் எங்கே என்று எனக்குத் தோன்றவில்லை. பால்மரக் கதையில் பால் இல்லை!


பார்த்தின் பேரன் | ஞாயிறு, மாலை 5.11

புதைத்த ஆசிரியரை அம்மா தோண்டி எடுத்து, அவர் சட்டைக் காலரையும் காட்டிவிட்டார். நான் கொஞ்ச நாள் வாசகனாக மட்டும் இருக்கிறேன்.


மூன்றாம் மாடி | ஞாயிறு, மாலை 6.30

அம்மா சொல்வதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். காசு இல்லாத வேலை. வெட்டு இல்லாத நாள். எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. இருந்தும் முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரைக்கும் போகிறாள் என்றால், அது வேலையே இல்லை. சொல்லிக்கொண்டு போகிறாள். எங்கள் பாட்டி வீட்டைக் காலி செய்த அன்று, இடிக்கப்போகிற வீடு என்று தெரிந்தும் கூட்டி, வாசல் தெளித்துவிட்டுத்தான் கிளம்பினாராம். எழுதியவருக்குத் தோட்டம் தெரியாது என்பதற்கு நீங்கள் காட்டுகிற அதே ஆதாரம், அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கும் ஆதாரம் ஆகலாம்.


பினாங்குப் பாலம் | ஞாயிறு, மாலை 6.52

ரெண்டும் எப்படிச் சரியாகும்?


திணைமயக்கம் | ஞாயிறு, இரவு 7.20

ஒரே சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஓர் உரையும் நச்சினார்க்கினியர் வேறோர் உரையும் சொன்ன மொழி ஐயா இது. ரெண்டையும் சேர்த்துத்தான் அச்சடித்து விற்கிறோம்.


செந்தூல்காரி | ஞாயிறு, இரவு 9.00

எனக்கு எது உறுத்துகிறது என்றால், அந்தப் பத்தியில் மிக நல்ல வாக்கியம் என்று நான் பென்சிலால் கோடு போட்டதே "தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு" என்பதுதான். அம்மா பொய் என்று சொன்னதும் அதே வாக்கியம்தான். நான் லயத்தில் பிறந்தவள் இல்லை. செந்தூல் அடுக்குமாடியில் பிறந்தவள். எழுதியவர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார் என்றால், நானும் பக்கத்தில் நின்றுதான் ரசித்திருக்கிறேன். மூன்றாம் மாடி சொல்வதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதாலேயே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஐம்பதுகளில் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் வேலை பார்த்தபோது இங்கே எழுதுகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து ஒவ்வொரு கதையாகப் பிரித்துப் பேசவைத்தார் என்று படித்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் மரம் வெட்டுகிற ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று ரெண்டு நாளாக யோசனை.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு மாலை நாலு மணி, அதே இடம். இந்த முறை தட்டச்சு இல்லை, தாளையே கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுவருகிறேன். கித்தாக்காடு, அம்மாவை அழைத்துவர முடியுமா? கார் அனுப்புகிறேன்.


கித்தாக்காடு | ஞாயிறு, இரவு 9.31

கேட்டேன். வர்றாங்களாம். மாடிப்படி எத்தனைன்னு கேக்கச் சொன்னாங்க, முட்டி வலி. அப்புறம், "அந்தத் தாளப் பெட்டியில போட்டு வெச்ச பாட்டிக்குப் படிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.


செந்தூல்காரி | ஞாயிறு, இரவு 9.50

பதினெட்டுப் படி. கைப்பிடி இருக்கிறது.

தெரியாது. பாட்டி கைநாட்டு.


ஐந்தாம்படிவம் | ஞாயிறு, இரவு 10.02

டீச்சர் அப்போ கருப்பொருள்னு கேட்டா கித்தா மரம்னு எழுதினா மார்க் கிடைக்குமா?


திணைமயக்கம் | ஞாயிறு, இரவு 10.04

கிடைக்காது தம்பி. வறுமை என்றே எழுதுங்கள்.